இரண்டு கிண்ணம் சட்னி இருந்தால்...

மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்று நிற்கும்போது திகைக்காத தாய்மார் உண்டா?

கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளை, சேலை நெசவுக்குப் பேர்போன ஊர். தறிச் சத்தம் ஓயாத இந்த ஊரில் நூல் சுற்றுவதும் பாவு பார்ப்பதுமாகப் பெண்களுக்கும் கை ஓயாத வேலைதான். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்க நேரம் ஏது? அவசரப் பசிக்குச் சேலம் வட்டாரம் கண்டிருக்கும் அருமையான வழி 'தட்டுவடை செட்.' கடைவீதியில் தள்ளுவண்டிக்காரர் செய்து தரும் அதை நீங்கள் வீட்டிலேயே செய்துவிடலாம். விஷயமெல்லாம் இரண்டு சட்னியில்தான் இருக்கிறது.

சிவப்புச் சட்னி: வரமிளகாய் 12, பூண்டு 10 பல், நெல்லிக்காய் அளவு புளி ஆகியவற்றை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். உப்புச் சேர்த்து மைபோல் அரையுங்கள். நாலு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, அரைத்ததைப் போட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் கிளறுங்கள். காரம் ஆகாத குழந்தைகள் இருந்தால் மிளகாயைப் பாதியாக்கி, ஒரு தக்காளி சேர்த்துக்கொள்ளலாம்.

பச்சைச் சட்னி: கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா அரைக் கட்டு, பச்சை மிளகாய் 4, பொட்டுக்கடலை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு. குளிர்ந்த நீர் தெளித்து அரையுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பரிமாறும் சமயத்தில் பிழியுங்கள். முன்னதாகவே பிழிந்து வைத்தால், புளிப்புப் பட்டு இலையின் பச்சை நிறம் மங்கிவிடும்.

இனி செட் செய்வது சுலபம். உள்ளங்கையில் அடங்கும் தட்டுவடை ஒன்றில் சிவப்பும் பச்சையும் தடவி, துருவிய காரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுங்கள். உடனே தின்றுவிட வேண்டும், வைத்திருந்தால் நமுத்துப்போகும். உடைந்த தட்டுவடைகளை எறிந்துவிடாதீர்கள்! நொறுக்கி, அதே காய்களையும் சட்னியையும் போட்டுப் பிசறினால், அதுதான் சேலத்து 'நொறுக்கல்.'

மிஞ்சிய சட்னி மறுவேளைக்கும் உதவும். சிவப்புச் சட்னியைத் தோசைமேல் தடவி, முறுகலாக எடுத்துப் பாருங்கள். தயிர்சாதத்துக்கும் பொருத்தமாக இருக்கும். பச்சைச் சட்னியைக் கெட்டித் தயிரில் கலந்தால், காரம் தணிந்து சப்பாத்திக்கு நல்ல துணை.

ஓர் எச்சரிக்கை: "எண்ணெய் மேலே மிதக்கிறதே, பூண்டுச் சட்னி வெளியில் இருந்தாலும் கெடாது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டிவரும் ஒருவகைக் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் வித்துக்கள் சாதாரணக் கொதிப்பில் சாவதில்லை. மேலே நிற்கும் எண்ணெயோ காற்றைத் தடுத்து அதற்கு வசதி செய்து கொடுக்கிறது! அது உண்டாக்கும் விஷம் நரம்பைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறமும் வாசனையும் மாறாமலேயே இருக்கக்கூடும் என்பதால் முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டி போட்ட ஆவக்காய் மாதக்கணக்கில் இருந்ததே என்பீர்கள். அதில் உப்பும் புளிப்பும் ஏராளம். அவைதாம் அதைக் காத்தன. நம் சட்னியில் உப்பு அவ்வளவு கிடையாது. ஆகவே ஆறியவுடன் சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். பச்சைச் சட்னியை அன்றன்றைக்கு அரைப்பதே உத்தமம். குளிர்ப்பெட்டி இல்லாத வீடானால் இரண்டையுமே ஒருவேளைக்கு மட்டும் அரையுங்கள். பத்து நிமிஷ வேலைதானே?

ஞாயிற்றுக்கிழமை அரைத்துவிட்டால், திங்கட்கிழமை மாலை பிள்ளைகள் கேட்கும்போது திகைக்க வேண்டியதில்லை. காரட்டைத் துருவும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்!