வேகத்தைத் தடுப்பது எது?

மேசைக் கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும், 'பழையதாகிவிட்டது. மாற்றிவிடலாம்' என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகின்றனர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது இந்த எண்ணத்துக்கு மேலும் வலுச் சேர்த்திருக்கிறது. ஆனால், பாதுகாப்பு வேறு, வேகம் வேறு. வேகம்தான் குறை என்றால், தடை எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கணினி அறிவியலில் 'ஆம்டால் விதி' என்ற ஒன்று உண்டு. 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து உருவானது அது. ஒரு வேலை முடிய 10 விநாடி ஆகிறது. அதில் 8 விநாடி வட்டிலிருந்து தரவு வருவதற்கான காத்திருப்பு, 2 விநாடி மட்டுமே கணக்கீடு என்று கொள்வோம். பிராசசரின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது 1 விநாடி. காத்திருப்பைப் பாதியாக்கினாலோ 4 விநாடி மிச்சமாகும்.

பழைய கணினிகளில் இந்தக் காத்திருப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை நகரும் நேரம் தனி. ஆகவே, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் தேடிப் படிக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்கிறது.

அடுத்தது ராம் நினைவகம். அது போதாதபோது, கணினி வட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துவதால் வேகம் சரிகிறது. 16 ஜிபி ராம் ஒன்றைவிட 8 ஜிபி ராம் இரண்டை உரிய இடங்களில் பொருத்தினால், தரவு இரு தடங்களில் பாயும். புதிதாகக் கணினி அமைப்போர், ராமின் அறிவிக்கப்பட்ட வேகம் கிடைக்க, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

பிராசசரை அதன் வரம்புக்கு மேல் முடுக்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் உயர்த்தினாலே மின்செலவு ஏறத்தாழ 21 சதவீதம் கூடும். வெப்பமும் அதற்கேற்ப ஏறும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில் மிகை மின்னழுத்தம் நிலையான சேதத்தை ஏற்படுத்தியதும், 2024-இல் அந்நிறுவனம் உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீட்டித்ததும் நினைவிருக்கலாம். மாறாக, தூசி அடைத்த மின்விசிறியைச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை. வெப்பம் மிகுந்தால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இதுவும் வேகத்துக்கான வழியே.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், வட்டு, நினைவகம், பிராசசர் ஆகியவற்றில் எது 100 சதவீதத்தைத் தொட்டுத் திணறுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால், பல கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். வீட்டுச் செலவும் குறையும். மின்னணுக் கழிவும் குறையும்.