கடல் இழுக்கும்போது கரையை நோக்கி நீந்தக் கூடாது

பெருநாள் முடிந்த மறுநாளும் கோடை விடுமுறையிலும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது நம் ஜமாஅத்தில் வழக்கமாகிவிட்டது. போகட்டும், பிள்ளைகளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு விடுமுறையிலும் "அலையில் சிக்கிப் பலி" என்ற செய்தியும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. இறந்தவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்த வாலிபர்களும் இருக்கிறார்கள். குளத்திலும் கிணற்றிலும் பழகியவர் கடலில் ஏன் தோற்கிறார் என்பதை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளுகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் இருக்கும் மணல் திட்டில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ, அதன் வழியாக ஓர் ஆறு போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. இதை ஆங்கிலத்தில் ரிப் கரண்ட் என்கிறார்கள். இழுவை நீரோட்டம் என்று நாம் சொல்லலாம். சில சமயம் இதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரர்கள் நீச்சல் குளத்தில் எட்டுகிற வேகம் அது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் இருந்த இடத்திலேயே கை கால் அடித்துச் சோர்ந்து மூழ்குகிறார்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடைவது குறைவு. இரு பக்கமும் வெள்ளை நுரையாக இருக்க, நடுவே மட்டும் தண்ணீர் சாந்தமாகவும் சற்றுக் கருமையாகவும் தெரியும். "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்கு" என்று நாமே கைகாட்டும் இடம் பெரும்பாலும் அதுதான். நுரையோ குப்பையோ கடல் பக்கமாக மிதந்து போனாலும், கலங்கிய நீர் ஒரு கோடாக உள்ளே போனாலும் அங்கே இறங்கக் கூடாது. தூண்டில் வளைவுகளின் ஓரமும் அப்படித்தான்.

சிக்கிக்கொண்டால் முதலில் மனதில் கொள்ள வேண்டியது: இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே கொண்டு போகிறது, அவ்வளவுதான். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஆகவே மல்லாந்து படுத்து, காது வரை தண்ணீரில் விட்டு, மூச்சைச் சீராக்கி மிதக்க வேண்டும். கடல் நீர் உப்பு நீர், கிணற்று நீரை விட எளிதாகத் தாங்கும். ஒரு கையைத் தூக்கி ஆட்டி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, வெள்ளை அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேரலாம். ஒரு பக்கம் போக முடியாவிட்டால் மறு பக்கம் முயல வேண்டும். அமெரிக்காவின் மான்டெரே நகரிலுள்ள கடற்படைக் கல்வி நிலையத்தின் ஆய்வாளர் ஜேமி மக்மஹான், ஜி.பி.எஸ். பொருத்திய மிதவைகளை இத்தகைய நீரோட்டங்களில் விட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை கடலுக்குள் தொலைந்து போகவில்லை. வட்டமடித்து ஆழம் குறைந்த திட்டுப் பக்கமே திரும்பின. மிதந்துகொண்டிருப்பவருக்கு அவகாசம் கிடைக்கிறது என்பதற்கு இதை விட என்ன ஆதாரம் வேண்டும்?

தம்பியைக் காப்பாற்ற அண்ணன் குதிப்பதும், அண்ணனைக் காப்பாற்றத் தகப்பன் குதிப்பதும் இயற்கை. ஒரே வீட்டில் இரண்டு, மூன்று ஜனாஸா வருவது இப்படித்தான். குதிக்காமல் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், காற்றடித்த பந்து, லாரி டியூப், எது கிடைத்தாலும் சரி. நம் டிரஸ்ட் மதரஸா பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் வேனில் இரண்டு காலி கேன்களும் நீளமான நைலான் கயிறும் எப்போதும் இருக்கும். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பெண்கள் முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நிற்கிறார்கள். நனைந்த புர்காவும் சேலையும் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். ஒரு பெரிய அலை போதும்.

காற்றே இல்லாத நாளிலும் அந்தப் பெரிய அலை வரும். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் காற்றால் எழும் அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து மோதுவதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவ மாணவியர் இறந்தது இத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. செய்தியைப் பார்த்துவிட்டு வேனை பேசுங்கள். அங்கே போன பிறகு உள்ளூர் மீனவர் வேண்டாம் என்றால் விவாதம் செய்யாதீர்கள்.

மீட்டவரின் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். 30 அழுத்தம், 2 ஊதல் என்ற கணக்கில் ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். அதற்குள் வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆள் இன்னும் கடலில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நுரையீரலில் போன தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.