ரக்கட்டின் நரம்பும் முழங்கையின் நோவும்

வன்னியில் டெனிஸ் பந்து உருளாத தெரு இல்லை. வவுனியா பட்டாணிச்சூரிலும் சாளம்பைக்குளத்திலும் முல்லைத்தீவு தண்ணீரூற்றிலும் அஸர் தொழுகை முடிந்த கையோடு பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட் அந்தப் பந்தில்தான் நடக்கின்றது. ஆனால் அந்தப் பந்துக்கு உரிய டெனிஸ் ரக்கட்டை நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்போம். இப்போது அது ஒன்றிரண்டாக நம் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றது. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்க்கும் மருமகன்மாரும் மச்சான்மாரும் லீவில் வரும்போது, பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் ஒரு ரக்கட்டையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருகின்றார்கள். சீமெந்துத் தரை ஒன்றில் சுண்ணாம்பால் கோடு கீறி, பழைய மீன்வலையைக் குறுக்கே கட்டிவிட்டால் மஃரிப் பாங்கு வரைக்கும் ஆடலாம்.

இப்படி ஆட வருபவர்களில் கணிசமானோர் நாற்பதைத் தாண்டியவர்கள். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவர்கள் சிறுவர்கள். புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்து, 2009க்குப் பின்னர் ஊர் திரும்பி, காடு மண்டிய வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டி முடிப்பதற்குள் வாலிபம் போய்விட்டது. விளையாட வேண்டிய வயதில் விளையாடாதவர்கள் இப்போது ஆசையோடு ஆடுகின்றார்கள். அதில் பிழை காண யாருக்கும் இடமில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், ருகானா என்ற மல்லரோடு மல்லுக்கு நின்றதும் நாம் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் செய்திகள்தாமே.

நான் இங்கே சொல்ல வருவது அந்த ரக்கட்டில் கட்டியிருக்கும் நரம்பைப் பற்றி. ரக்கட்டின் நிறத்தையும் பெயரையும் பார்க்கும் நாம் நரம்பைப் பார்ப்பதில்லை. பந்தைத் தொடுவதோ நரம்புதான். பந்து அதில் தங்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். அந்தச் சொற்ப நேரத்துக்குள் எழும் அதிர்வில் ஒரு பங்கு சட்டத்தின் வழியாகக் கைக்கும், கையிலிருந்து முழங்கைக்கும் போய்ச் சேர்கின்றது.

நரம்புகள் மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது குடல் நரம்பு. பிரான்சின் லியோன் நகரில் பாபோலா என்ற குடும்பத்தார் 1875இல் ஆட்டுக் குடலில் டெனிஸ் நரம்பு திரிக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு மாட்டுக் குடல் வழக்கத்துக்கு வந்தது. 1939இல் விம்பிள்டன் காலிறுதி வரை சென்ற இந்திய முஸ்லிம் வீரர் கௌஸ் முஹம்மத் ஆடியதும், நம் தமிழர் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அதே விம்பிள்டனில் அரையிறுதி வரை சென்றதும் மரச் சட்டத்துக்கும் குடல் நரம்புக்கும் உரிய காலத்தில். அதைப் போல மென்மையானது இன்றுவரை வேறில்லை. ஆனால் விலை கடுமை, ஈரம் பட்டால் கெட்டுவிடும். அத்தோடு நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் தோல் பதனிட்டால் சுத்தமாகும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அந்தச் சலுகை தோலுக்குத்தான், குடலுக்கு இல்லை. எங்கேயோ ஒரு நாட்டு இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து வந்த குடலை வியர்த்த கையால் தொட்டுக்கொண்டு மஃரிபுக்கு ஓடுவதை விட, அதைத் தவிர்ப்பது பேணுதல்.

இரண்டாவது நைலோன். இதிலும் ஒற்றை இழை மேல் மெல்லிய இழைகள் சுற்றியது ஒன்று, நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைத் திரித்துச் செய்தது ஒன்று. பின்னையது குடல் நரம்பின் மென்மைக்குக் கிட்ட வருவது.

மூன்றாவது பொலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இருவர் கண்டுபிடித்த இழையின் வம்சம். நம் வாப்பாமார் பெருநாளைக்கு உடுத்த டெரிலின் சேட்டும், இன்று கடையில் வாங்கும் சோடாப் போத்தலும் இதன் உறவினர்களே. டெனிஸ் நரம்பாக வரும்போது அது ஒரே கட்டியான கம்பி. பார்வைக்கு நம் மீனவச் சகோதரர்கள் சொல்லும் தங்கூசியைப் போல இருக்கும். தங்கூசி நைலோன், இது பொலியெஸ்டர். இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: தங்கூசி கொஞ்சமாவது இழுபடும், இது விறைத்துக்கொண்டு நிற்கும்.

இதற்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது? 1997 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில், உலகத் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த குஸ்டாவோ குவேர்ட்டன் என்ற பிரேசில் இளைஞர் கிண்ணத்தை வென்றார். அவருடைய ரக்கட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலோன் பொலியெஸ்டர். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பெரிய வீரர்கள் எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள். நடால் முழுவதும் பொலியெஸ்டர். ஃபெடரர் நெடுக்கில் குடலும் குறுக்கில் பொலியெஸ்டருமாகக் கட்டினார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. அதன் மேற்பரப்பு வழுக்கல். பந்தைக் கீழிருந்து மேலாக வேகமாக உரசி அடிக்கும்போது நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் விலகி, பந்து கிளம்பும் முன்னரே சடக்கென்று தம் இடத்துக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பலில் பந்துக்கு மேலதிகச் சுழற்சி கிடைக்கின்றது. சுழலும் பந்து வலையைத் தாண்டியதும் கீழே இறங்கும். ஆகவே அவர்கள் முழு வேகத்தில் அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழுகின்றது.

வேகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாமோ வாரத்துக்கு இரண்டு மூன்று மாலை, சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆட வருபவர்கள். நமது வீச்சுக்கு அந்த நரம்பு விலகுவதே சொற்பம். விலகாத நரம்பு சுழற்சியையும் தராது. அது தரும் விறைப்பு மட்டும் நமக்கு மிச்சமாகும். பந்தை ஆழமாக அனுப்ப நாமே கூடுதலாகப் பலம் கொடுக்க வேண்டும். வீரன் சுழற்சிக்காக வாங்கிய நரம்பு நம் கையில் வெறும் பாரம்.

இதை விடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. கடைக்காரர் “இது இலேசில் அறாது, பல மாதம் போகும்” என்று சொல்லும்போது நம் மனம் குளிர்கின்றது. 2022இன் நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்ட எந்தக் குடும்பத் தலைவனுக்கும் அந்தச் சொல் இனிக்கத்தான் செய்யும். அறாது என்பதும் உண்மைதான். ஆனால் நைலோன் தேய்ந்து, மயிர் கிளம்பி, அறுந்து போய்த் தன் காலம் முடிந்ததை நமக்கு அறிவிக்கும். பொலியெஸ்டர் அப்படி அறிவிப்பதில்லை. கட்டிய முதல் நாளே, ஒரு பந்து கூட அடிக்கும் முன்னர், அதன் இழுவை குறையத் தொடங்குகின்றது. பத்து இருபது மணி நேர ஆட்டத்தில் அதன் துடிப்புப் போய்விடும். நரம்பு அறாமல் அப்படியே இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. பெரிய வீரர்களுக்கு இது பிரச்சினையே அல்ல. போட்டியில் முதல் ஏழு ஆட்டத்துக்குப் பின்னும், அதன் பிறகு ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு முறையும் புதுப் பந்து வரும். அவர்களில் பலர் அப்போதே ரக்கட்டையும் மாற்றிவிடுவார்கள். நாம் அதே நரம்பை ஒரு நோன்புப் பெருநாளிலிருந்து அடுத்த நோன்புப் பெருநாள் வரை வைத்து அடிக்கின்றோம்.

வவுனியா நகரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர். ஐம்பதை நெருங்கும் வயது. மருமகன் தோஹாவிலிருந்து கொண்டுவந்த ரக்கட்டால் வாரம் மூன்று நாள் ஆடினார். ஆறேழு மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கியது. முதலில் ஆடும்போது மட்டும். பிறகு வுளூவுக்கு பைப்பைத் திருகும்போது. பிறகு கேத்தலைத் தூக்கித் தேநீர் ஊற்றும்போது. கடைசியில் கத்தரிக்கோலை அழுத்த முடியாமல், நோன்பு மாதத்தில், அதாவது ஒரு தையற்காரருக்கு நல்ல வருமானம் வரும் மாதத்தில், வந்த துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டு குமர்ப் பிள்ளைகள் உள்ள வீடு. வைத்தியர் இது டெனிஸ் முழங்கை என்று சொல்லி, ஓய்வும் சில பயிற்சிகளும் கொடுத்தார். நரம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழும்பில் ரக்கட் கட்டப் பழகி வந்த ஒரு பையன்தான் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, “நாநா, இது பொலியெஸ்டர். எப்பவோ செத்துப் போச்சு” என்றான்.

நான் நரம்பை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோர் டெனிஸ் ரக்கட்டையே தொட்டிராதவர்கள். மேசன்மார், தச்சர், துணி பிழியும் உம்மாமார் எல்லோருக்கும் வரும். முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் அதிகம் வரும். மணிக்கட்டைப் பின்னுக்கு நிமிர்த்தும் தசைநார் முழங்கை எலும்பில் பற்றும் இடம் தேய்ந்து நோகின்றது. அந்தச் சகோதரரின் விடயத்தில் கத்தரிக்கோலும் பங்காளிதான். பந்தைப் பிந்தி அடிக்கும் பின்கை அடியும் பங்காளிதான். ஆனால் பகல் முழுவதும் கத்தரிக்கோலால் களைத்த தசைநாருக்கு மாலையில் விறைத்த கம்பியின் அதிர்வையும் சேர்த்துக் கொடுப்பது என்ன நியாயம்? நம் ஆட்களில் கையால் உழைத்துச் சாப்பிடுபவர்கள்தானே கூட. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு உணர்த்தியது இபாதத்திலேயே அளவு மீறக்கூடாது என்பதற்காக. விளையாட்டுக்கு அது இன்னும் பொருந்தும்.

அவர் இரண்டு மாதம் ரக்கட்டைத் தொடவில்லை. பிறகு நுண்ணிழை நைலோன் நரம்பை 50 இறாத்தல் இழுவையில் கட்டுவித்தார். இப்போது வாரம் இரண்டு நாள் ஆடுகின்றார். கத்தரிக்கோலும் ஓடுகின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டு ரக்கட்டில் இருப்பது எது என்று அறிவது கஷ்டமல்ல. முடிச்சுப் போட்ட இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைப் பாருங்கள். ஒரே கட்டியான பிளாஸ்டிக் கம்பியாக, வளைத்தால் வளைந்தபடியே நின்றால் பெரும்பாலும் பொலியெஸ்டர். நுனி தூரிகை போலப் பிரிந்தால் நுண்ணிழை நைலோன். பொலியெஸ்டர் செத்துவிட்டதா என்று பார்க்க, நெடுக்கு நரம்பு ஒன்றை விரலால் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். தானாகத் திரும்பி வராமல் தள்ளிய இடத்திலேயே நின்றால் அதன் காலம் முடிந்தது. முன்பு கோட்டுக்குள் விழுந்த அதே அடி இப்போது வெளியே போகின்றது என்றாலும் அப்படியே. வன்னி வெயிலில் ரக்கட்டை முச்சக்கர வண்டியிலோ காருக்குள்ளோ போட்டு வைத்தால் அந்தக் காலம் இன்னும் சீக்கிரம் வரும்.

வயது பதினெட்டு இருபது, கையில் வேகம் உண்டு, நைலோனை மாதம் ஒரு முறை அறுக்கின்றான் என்றால் அந்தப் பிள்ளைக்குப் பொலியெஸ்டர் பொருத்தம். அவனுக்கும் நைலோனுக்குக் கட்டும் இழுவையை விட ஐந்து இறாத்தல் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். 1.30 மில்லிமீற்றருக்குப் பதிலாக 1.25 அல்லது 1.20 பருமன் கேளுங்கள். நெடுக்கில் பொலியெஸ்டரும் குறுக்கில் நைலோனுமாகக் கலந்து கட்டுவதும் ஒரு வழி. துனீசியாவின் ஒன்ஸ் ஜபூர் 2022இலும் 2023இலும் விம்பிள்டன் இறுதி வரை வந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் மகளும் ரக்கட் கேட்டால், மதில் கட்டிய வளவுக்குள் ஆடட்டும். ஆனால் வளரும் கைக்கு நைலோனைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கட்டுவதற்குக் கொடுக்கும்போது ஒரு விடயம். நம் நகரங்களில் பட்மின்டன் ரக்கட் கட்டுபவர்கள் இருக்கின்றார்கள். பட்மின்டனுக்கு 20 முதல் 30 இறாத்தல் இழுவை போதும். டெனிஸுக்கு 50க்குக் கிட்ட வேண்டும். அவர்களுடைய பொறி அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சட்டம் நெளியும். கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவது அதை விட இலாபம்.

பழைய நரம்பை வெட்டும்போது ஒரு ஓரத்தில் தொடங்கி வெட்டிக்கொண்டு போகாதீர்கள். நடுவில் தொடங்கி, நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறி வெளிப்பக்கம் நோக்கி வெட்டினால் சட்டத்தில் ஒருபக்கப் பாரம் விழாது. வெட்டிய துண்டுகளை வளவில் எறிந்துவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மாடு தின்றால் குடலில் சிக்கும். நீளமான துண்டுகள் பாகல் பந்தலுக்குக் கட்ட நல்லவை. மழைக்கும் வெயிலுக்கும் உக்காது.