எட்டும் நாற்பத்திரண்டும் ஒன்றாகும் கணக்கு

ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூ ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். 8 என்று ஓர் எண், பக்கத்திலேயே 42 என்று இன்னோர் எண். ஒரே ஷூவுக்கு எப்படி இரண்டு நம்பர்?

8 என்பது இங்கிலாந்துக் கணக்கு. அங்கே அடிப்படை அளவு ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது மூன்றில் ஒரு அங்குலம். 4 அங்குலத்தை சைபராக வைத்துக் குழந்தைகளுக்கு 13 வரை எண்ணுவார்கள். பிறகு பெரியவர்களுக்கு மறுபடி 1. ஆகவே பெரியவரின் 8 என்பது உண்மையில் 21-வது படி. 21-ஐ மூன்றால் வகுத்தால் 7. தொடக்கத்து 4-ஐச் சேர்த்தால் 11 அங்குலம். ஷூ தைக்கும் கால் அச்சின் நீளம் அது. சென்டிமீட்டரில் 27.94.

42 பிரெஞ்சுக் கணக்கு. ஒரு படி, சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 படி என்றால் சரியாக 28 சென்டிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

எல்லா நம்பரும் இப்படி இணங்காது. 7-ம் நம்பர் 40-க்கும் 41-க்கும் நடுவில் நின்றுவிடும். கடைக்குக் கடை அட்டவணை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 5-ம் நம்பருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், 38-ஐ ஒட்டி வரவேண்டும்.