வண்டி இங்கே, வரி எங்கே?

திருவனந்தபுரத்தில் ஓடும் வண்டிகளின் எண் பலகையைப் பாருங்கள். பலவற்றில் கே.எல். 01 என்று இருக்கும். கே.எல். என்றால் கேரளம். 01 என்றால் திருவனந்தபுரம். சில கார்களில் மட்டும் பி.ஒய். என்று இருக்கும். அவை புதுச்சேரியில் பதிவானவை.

இங்கே ஓடும் காரை அங்கே போய் ஏன் பதிகிறார்கள்?

வண்டிக்கு வரி போடும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. அதனால் வரி இடத்துக்கு இடம் மாறும். கேரளம் காரின் விலையைப் பார்த்து வரி வாங்குகிறது. 2017 ஆம் ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காருக்கு 6 சதவீதம் வரி. 20 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம். 4 லட்சம் ரூபாய்க் காருக்கு வரி 24 ஆயிரம். ஒரு கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம். வசதி உள்ளவர் அதிகம் கொடுக்க வேண்டும். இது நியாயம்தானே?

ஆனால் அப்போது புதுச்சேரியில் வரி மிகக் குறைவாக இருந்தது. எனவே சிலர் அங்கே வசிப்பதாகப் பொய் முகவரி காட்டிக் காரைப் பதிந்தார்கள் என்று 2017 இல் புகார் எழுந்தது. சினிமா நடிகர்கள் பெயரும் அடிபட்டது. போலீஸ் விசாரித்தது. சிலர் பிறகு கேரளத்தில் வரி கட்டினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், அதாவது வண்டி வழக்கமாக நிற்கும் இடம், எந்த மாநிலத்தில் உள்ளதோ அங்கே பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். ஆனால், "போன மாதம்தான் கொண்டுவந்தேன்" என்று ஒருவர் சொன்னால்? பொய் என்று நிரூபிப்பது கடினம். உண்மையான வெளியூர்ப் பயணிகளையும் தொல்லை செய்யக் கூடாது.

பெட்ரோல், டீசலில் மட்டும் வரி போட்டால் என்ன? ஏய்ப்பது கடினம். ஆனால் ஆட்டோக்காரரும் பணக்காரரும் லிட்டருக்கு ஒரே வரி கொடுப்பார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர் அதையும் கொடுக்க மாட்டார். ஆகவே வரி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. ஏய்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? வரி ரசீதைக் கேளுங்கள். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் கேளுங்கள். பாக்கி உங்கள் தலையில் விழலாம்.

சிந்திப்போம்: எல்லா மாநிலங்களிலும் ஒரே வரி இருந்தால் ஏய்ப்பு நிற்குமா? அதனால் மாநிலங்கள் எதை இழக்கும்?