ஒரு சொடுக்கின் ஆயுள் எத்தனை நாள்?

பெங்களூருவில் நாங்கள் பணியாற்றும் கிளைக்குச் சில மாதங்களுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சமையலறைச் சாதனங்களை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, அவற்றின் நிறைகுறைகளைத் தமது இணையதளத்தில் எழுதுபவர் அவர். கட்டுரையின் கீழுள்ள இணைப்பைச் சொடுக்கி எவரேனும் மிக்ஸியோ கிரைண்டரோ வாங்கினால், விற்பனை நிறுவனம் அவருக்குக் கமிஷன் வழங்கும். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் கணக்கில் வரவாகி வந்த அந்தத் தொகையை நம்பி, எங்களிடம் இருசக்கர வாகனக் கடனும் பெற்றிருந்தார்.

“சார், என் பக்கத்தைப் படிக்கிறவங்க எண்ணிக்கை குறையவே இல்லை. ஆனா வரவு மட்டும் பாதியாயிடுச்சு. இந்த மாசம் தவணையும் திரும்பிடுச்சு” என்றார். குரலில் கவலையைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது.

அவரது மின்னஞ்சல்களைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. விற்பனை நிறுவனம் தனது ஒப்பந்த விதிகளைத் திருத்தியிருந்தது. கமிஷன் விகிதத்தில் மாற்றமில்லை. குக்கீயின் காலம் மட்டும் 30 நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைக்கப்பட்டிருந்தது. விகிதம் மாறாததால் அவர் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. கிரைண்டர் வாங்கும் குடும்பம் ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை. கலந்து பேசி, சம்பள நாள் வரும்வரை காத்திருந்து வாங்குகிறது. அத்தகைய விற்பனைகள் யாவும் அவரது கணக்கிலிருந்து விலகிப் போயின.

இணையத்தின் வழியே கமிஷன் ஈட்டும் வாடிக்கையாளர்கள் இன்று எல்லாக் கிளைகளிலும் இருக்கின்றனர். அந்த வருமானத்தைத் தீர்மானிக்கும் இந்தச் சிறு விதியைப் பற்றி அவர்களுள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குக்கீ செய்யும் வேலை

இணையதளங்களுக்கு இயல்பாக நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குச் செல்பவர் அதே நபர்தான் என்பதை அவை தாமாக அறிய இயலாது. இக்குறையைப் போக்க, 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுல்லி உருவாக்கியதே குக்கீ. நமது உலாவியில் இணையதளம் எழுதி வைக்கும் சிறு குறிப்பு அது. அக்குறிப்பு எப்போது காலாவதியாக வேண்டும் என்பதையும் அதனுடன் எழுதி வைக்கலாம்.

அஃபிலியேட் சந்தைப்படுத்தலில் பரிந்துரைப்பவருக்கு ஓர் அடையாள எண் உண்டு. அவரது இணைப்பைச் சொடுக்கியவுடன் அந்த எண் குக்கீயில் பதிவாகிறது. காலாவதிக்குள் பொருள் வாங்கப்பட்டால் கமிஷன் அவருக்கு. மறுநாள் வாங்கப்பட்டால் ஒன்றுமில்லை.

வீட்டுத் தரகரை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தரகர் வீட்டைக் காட்டுகிறார். நாம் பத்து நாள் கழித்து உரிமையாளரிடம் நேரே சென்று முடித்துக்கொள்கிறோம். தரகு தர வேண்டும் என்பதே நியாயம். ஆனால், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வீட்டை வேறு வழியாக அறிந்து வாங்கினால்? அப்போதும் தரகர் உரிமை கோரினால் நாம் ஏற்கமாட்டோம். பத்து நாளுக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பதுதான் குக்கீயின் காலத்தைப் பற்றிய கேள்வி.

நடைமுறையில் உள்ள காலங்கள்

அமேசான் நிறுவனம் தனது அஃபிலியேட் திட்டத்தை 1996 இல் தொடங்கியது. அதன் காலம் 24 மணி நேரம். எனினும் அந்நேரத்துக்குள் பொருளைக் கூடையில் சேர்த்துவிட்டால், கூடை காலாவதியாகும் வரை, அதாவது வழக்கமாக 90 நாள் வரை, கமிஷன் உண்டு. பிற திட்டங்களில் 7, 30, 60, 90 நாள்கள் எனப் பலவகைக் காலங்கள் உள்ளன. 30 நாள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு.

நீண்ட காலம் எப்போதும் நல்லதா, குறுகிய காலம் எப்போதும் அநீதியா என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை.

ஒரு கிரைண்டர் கட்டுரையின் இணைப்பைப் பலர் சொடுக்குகின்றனர். அவர்களுள் 40 பேர் இறுதியில் வாங்குகின்றனர். முதல் நாளில் 20 பேர், அடுத்த ஆறு நாள்களில் 12 பேர், அதன்பின் 30 ஆம் நாள் வரை 6 பேர், 90 ஆம் நாள் வரை மேலும் 2 பேர். ஒரு விற்பனைக்குக் கமிஷன் ரூ.100 எனில், ஒரு நாள் குக்கீயில் ரூ.2,000 கிடைக்கும். ஏழு நாளில் ரூ.3,200; 30 நாளில் ரூ.3,800, 90 நாளில் ரூ.4,000. முதல் வாரத்துக்கு நீட்டிப்பதில் பெரும் பயன் இருக்கிறது. 30 நாளுக்கு மேல் நீட்டிப்பதில் கிடைப்பது ரூ.200 மட்டுமே.

இப்போது இரண்டு நிறுவனங்கள் போட்டியிடுவதாகக் கொள்வோம். ஒன்று ஒரு நாள் குக்கீயுடன் ரூ.100 தருகிறது; மற்றொன்று 30 நாள் குக்கீயுடன் ரூ.60 தருகிறது. விகிதத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்து ரூ.2,000 பெறுவார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவருக்கு 38 விற்பனைகளுக்கு ரூ.2,280 கிடைக்கும்.

அதே கணக்கை மளிகைப் பொருளுக்குப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாகும். 40 பேரில் 36 பேர் அன்றே வாங்கிவிடுவார்கள் என்று கொண்டால், ஒரு நாள் திட்டத்தில் ரூ.3,600 கிடைக்கும். மீதி நால்வரும் மாதத்துக்குள் வாங்கினாலும் 30 நாள் திட்டத்தில் ரூ.2,400 தான். ஆகவே, பொருளை அறியாமல் காலத்தை மதிப்பிட முடியாது.

விற்பவர் தரப்பு நியாயம்

காலத்தைக் குறைக்கும் நிறுவனங்களுக்கும் நியாயம் உண்டு. மூன்று மாதம் கழித்து வரும் வாடிக்கையாளர் பழைய கட்டுரையால் வந்தாரா, நிறுவனத்தின் சொந்த விளம்பரத்தால் வந்தாரா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. எப்படியும் நடந்திருக்கக்கூடிய விற்பனைக்குக் கமிஷன் தருவது அவர்களுக்கு வீண் செலவு.

மோசடிக்கான இடமும் இருக்கிறது. எவரும் இணைப்பைச் சொடுக்காத நிலையிலேயே அவர்களது உலாவியில் குக்கீயைத் திணித்துவிட்டு, பின்னர் அவர்கள் தற்செயலாக வாங்கும் பொருளுக்குக் கமிஷன் பெறுவது ஒரு தந்திரம். அமெரிக்காவில் ஈபே நிறுவனத்தை இவ்வாறு ஏமாற்றிய இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014 இல் சிறைத் தண்டனை பெற்றனர். குக்கீயின் ஆயுள் நீளும்போது இத்தகைய திணிப்பின் ஆதாயமும் நீள்கிறது.

இன்னொரு சிக்கல், கடைசிச் சொடுக்குக்கே முழுக் கமிஷனும் என்னும் விதி. இருபது நாள் முன்பு ஒருவர் விரிவாக எழுதி ஆர்வமூட்டியிருப்பார். பணம் செலுத்தும் நேரத்தில் தள்ளுபடிக் கூப்பன் தேடும் உலாவி நீட்சி ஒன்று தனது குக்கீயை எழுதிவிடும். பேபாலுக்குச் சொந்தமான ஹனி என்னும் நீட்சியின்மீது 2024 டிசம்பரில் எழுந்த குற்றச்சாட்டு இதுவே. வழக்குகளும் தொடரப்பட்டன. கடைசிச் சொடுக்கு விதி உள்ளிட்ட தொழில்துறை நடைமுறைகளையே பின்பற்றுவதாக அந்நிறுவனம் விளக்கமளித்தது. 90 நாள் குக்கீ கையிலிருந்தாலும் இத்தகைய விதி அதைக் கணப்பொழுதில் வெறுமையாக்கிவிடும்.

ஒப்பந்தத்தில் உள்ளதும் உலாவியில் நடப்பதும்

ஒப்பந்தத்தில் 30 நாள் என்றிருந்தாலும் அது உச்சவரம்பே அன்றி உத்தரவாதம் அன்று. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2019 முதல், பக்கத்தில் இயங்கும் நிரல் எழுதும் குக்கீகளின் ஆயுளை ஏழு நாளாகவும், கண்காணிப்புக் குறியீடு கொண்ட இணைப்புகள் வழி வரும்போது சில சூழல்களில் 24 மணி நேரமாகவும் குறைத்துவிட்டது. பிற தளங்களின் குக்கீகளை 2020 முதல் முற்றிலும் தடுக்கிறது. கூகுளின் குரோம் உலாவியோ எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. பயனர் தாமே குக்கீகளை அழிப்பதும், கைப்பேசியில் சொடுக்கி மடிக்கணினியில் வாங்குவதும் தொடர்பை அறுத்துவிடும்.

எமது கருத்து

வங்கித் தொழிலில் இதே கேள்வியை நாங்கள் வேறு வடிவில் சந்தித்திருக்கிறோம். வீட்டுக் கடன் கேட்பவரை முகவர் அறிமுகம் செய்து, பத்திரச் சரிபார்ப்பும் மதிப்பீடும் முடிந்து கடன் வழங்கப்படுவதற்கு வாரங்கள் ஆகும். அறிமுகம் ஒரே நாளில் காலாவதியாகும் என்றால் எந்த முகவரும் உழைக்கமாட்டார். அது என்றென்றும் செல்லும் என்றால் வங்கிக்கு இழப்பு.

எனவே, வாங்குபவர் முடிவெடுக்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளே குக்கீ வாழ வேண்டும் என்பது எமது கருத்து. மளிகைக்கும் உணவுக்கும் ஒரு நாள் போதும். ஆடைக்கும் புத்தகத்துக்கும் ஒரு வாரம் பொருந்தும். வீட்டு மின்சாதனங்களுக்கு 30 நாள் நியாயமானது. கட்டணம் மிகுந்த பயிற்சி வகுப்பு, நிறுவனங்களுக்கான மென்பொருள் போன்றவற்றுக்கு 60 முதல் 90 நாள் வரை தரலாம். அதற்கு மேல் நீட்டிப்பதற்கு வலுவான காரணம் எங்களுக்குத் தென்படவில்லை. எந்தக் காலமாயினும், அதை மாற்றுவதற்கு முன் பரிந்துரைப்பவருக்குப் போதிய அவகாசத்துடன் தெளிவாக அறிவிப்பது நிறுவனத்தின் கடமை.

பரிந்துரைத்து வருவாய் ஈட்டும் வாடிக்கையாளர்களுக்கு

ஒப்பந்தத்தில் சேருமுன் கமிஷன் விகிதம், குக்கீ காலம், கடைசிச் சொடுக்கு விதி, திரும்பப் பெறும் பொருள்களுக்கான கழிவு ஆகிய நான்கையும் சேர்த்துப் படியுங்கள். நிறுவனம் அனுப்பும் விதித் திருத்த அறிவிப்புகளைத் திறக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரே நிறுவனத்தை நம்பியிராதீர்கள்.

கமிஷனும் வரிக்குரிய வருமானமே. இந்திய நிறுவனம் ஒரு நிதியாண்டில் ரூ.20,000 க்கு மேல் கமிஷன் வழங்கினால் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பது பொது விதி. பான் எண் தரப்படாவிட்டால் 20 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். இந்த வரவுகளை வருமான வரிக் கணக்கில் முறையாகக் காட்டி வந்தால், கடன் கோரும்போது அதுவே உங்கள் சான்றாக அமையும்.

பரிந்துரைக்காகப் பணம் பெறுவதை வாசகரிடம் மறைக்கவும் கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாக வலியுறுத்துகின்றன.

வாங்குபவராக மட்டும் இருக்கும் வாடிக்கையாளர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அஃபிலியேட் குக்கீயில் பொதுவாக இருப்பது அடையாள எண்ணே. உங்கள் வங்கிக் கணக்கு எண் அன்று. எனினும் அவ்வப்போது உலாவியின் குக்கீகளை நீக்குவதும், அறிமுகமற்ற நீட்சிகளைத் தவிர்ப்பதும், இணைய வங்கிச் சேவையை முடித்ததும் முறையாக வெளியேறுவதும் நல்ல பழக்கங்கள்.

எங்கள் வாடிக்கையாளருக்கு வருவோம். அவரது கடந்த 12 மாத வரவுகளை வரிசைப்படுத்தி, மிகக் குறைந்த மாதத்தின் தொகையை அடிப்படையாகக் கொண்டு குடும்பச் செலவைத் திட்டமிட உதவினோம். தவணைத் தேதியைக் கமிஷன் வரவாகும் நாளுக்கு அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொடுத்தோம். மூன்று தவணைகளுக்கு ஈடான தொகையைத் தனிச் சேமிப்பாக ஒதுக்கத் தொடங்கியிருக்கிறார். 30 நாள் காலம் தரும் வேறொரு நிறுவனத்திலும் சேர்ந்துவிட்டார். அண்மையில் வந்தபோது அவர் கையில் அந்நிறுவனத்தின் ஒப்பந்த நகல் இருந்தது. குக்கீ காலம் குறிப்பிடப்பட்டிருந்த வரியின்கீழ் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.