மயக்க மருந்துக்கு முன் பிள்ளையின் சளியை மறைக்காதீர்

பந்திங் - அறுவை சிகிச்சை தேதி தள்ளிப்போகுமே, மீண்டும் கிள்ளானுக்கு அலைய வேண்டுமே என்று பிள்ளையின் சளியை மறைக்காதீர்கள்.

முழு மயக்கத்தில் பிள்ளை மூச்சுவிட இரு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் டியூப். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகாமல் நன்கு தடுக்கும், ஆனால் குரல்வளையை உறுத்தும். மற்றொன்று, பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கிய லாரிஞ்சியல் மாஸ்க். அது குரல்வளைக்கு மேலேயே அமரும்.

பெர்த் நகரில் ஒரு வயதுக்குட்பட்ட 181 குழந்தைகளிடம் நடத்தி, 2017-இல் வெளியான ஆய்வில், டியூப் வைத்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் மாஸ்க் வைத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் மூச்சுத் தொல்லை ஏற்பட்டது.

ஆனால், வயிறு காலியாக இல்லையென்றால் மாஸ்க் பாதுகாப்பல்ல. எனவே சளி, இளைப்பு, வீட்டில் புகைப்பவர், காலையில் குடித்த ஒரு வாய் மைலோ என எல்லாவற்றையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். தேதி மாறினால் மாறட்டும்.